ஓலை வாசித்த மூன்றாம் ஞாயிறு

கிள்ளானை அடுத்த பண்டமாரானில் வேலாயுதம் வீட்டுத் தாமரைக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டபோது தெருவில் ஒருவர்கூட "மாப்பிள்ளை யாரு?" என்று கேட்கவில்லை. பதினான்கு வருஷமாக ஒரே மாப்பிள்ளைதான். ரோனி. தாமரை பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படிக்கையில், கிள்ளான் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து சைக்கிளில் வந்து, தெருமுனையில் செயின் கழன்றுவிட்டதுபோல் பாவனை செய்துகொண்டு அரைமணி நேரம் குந்தியிருந்த பையன். பிறகு அவன் குடும்பம் தலைநகரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிபோனது. அவன் லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் சேர்ந்தான். சைக்கிள் போய்க் கார் வந்தது. பெண் மட்டும் மாறவில்லை.

மாறவில்லை என்பதற்காக அந்த வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலாயுதம், "வேதக்காரன் வீட்டுக்கு என் பொண்ணு போகாது" என்று சொன்னது நாலு வீடு தள்ளிக் கேட்டது. தாமரை மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு பட்டினி கிடந்தாள். இரண்டாம் நாளே பக்கத்து வீட்டுத் தனலெட்சுமி ஜன்னல் கம்பி வழியாக ரொட்டி சானாய் கொடுத்தாள் என்பது வேலாயுதத்துக்கு இன்றுவரை தெரியாது. தனலெட்சுமிக்குத் தெரிந்த ஒரு விஷயம் ஒருவருக்குத் தெரியாமல் போனது அந்தத் தெருவின் வரலாற்றிலேயே அது ஒன்றுதான். அப்புறம் ஏழு மாப்பிள்ளைகள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், போனார்கள். நாலு வருஷம் அப்பாவும் மகளும் நேருக்கு நேர் பேசவில்லை. "உன் மகள்கிட்ட சொல்லு, ஃபேன நிப்பாட்டச் சொல்லு" என்று வேலாயுதம் சொல்ல, "உங்கப்பா ஃபேன நிப்பாட்டச் சொல்றாரு" என்று அம்மா லோகேஸ்வரி சொல்ல, தாமரை பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு நிறுத்துவாள்.

அப்படிப்பட்ட வேலாயுதம் ஏணியிலிருந்து விழுந்தார். கூரைத் தகரத்தில் அடைத்திருந்த இலையை எடுக்க ஏறியவர் இடுப்பு முறிந்து கீழே கிடந்தபோது, வீட்டில் ஆளில்லை. தெருமுனையில் வழக்கம்போல் காரில் காத்திருந்த ரோனிதான் ஓடி வந்து தூக்கினான். பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் வார்டு வாசலிலேயே கிடந்தான். பன்னிரண்டாம் நாள் வேலாயுதம் வாயைத் திறந்து, "மாப்ள, அந்த மருந்து எங்க?" என்றார். லோகேஸ்வரி அங்கேயே அழுதாள். தாமரையும் அழுதாள்.

வந்த வினை என்னவென்றால், அன்றைக்கு அழும்போதே தாமரைக்கு அந்த அழுகை எதற்கென்று சரியாகத் தெரியவில்லை. ஜெயித்ததற்கான அழுகை என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவளும் அப்படியே எடுத்துக்கொண்டாள்.

அவன்மேல் இருந்த பிரியம் எப்போது போனது என்று கேட்டால் அவளால் ஒரு தேதி சொல்ல முடியாது. தேதி சொல்வதுதான் அவள் பிழைப்பு. போர்ட் கிள்ளானில் ஒரு ஷிப்பிங் ஆபீஸில் சரக்குகளுக்கான கஸ்டம்ஸ் பாரங்களை எழுதி நிரப்புகிறாள். எந்தக் கண்டெய்னர் எந்த நாள் எந்தக் கேட்டைத் தாண்டியது என்று கேட்டால் டக்கென்று சொல்லுவாள். இது மட்டும் எந்தக் கேட்டையும் தாண்டவில்லை. ஒருநாள் பார்த்தால் உள்ளே இல்லை, அவ்வளவுதான். காரில் போகும்போது அவளும் பேசுவதில்லை, அவனும் பேசுவதில்லை. வழி சொல்லும் போன் மட்டும் "வலது பக்கம் திரும்பவும்" என்று இருவருக்கும் நடுவில் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. ரோனி கண்ணாடி போட ஆரம்பித்ததை அவள் மூன்று வாரம் கழித்துத்தான் கவனித்தாள். அவள் ஆட்டுக்கறியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது; அவன் இன்னும் வாழை இலைக் கடையில் உட்கார்ந்ததும் "அவங்களுக்கு மட்டன் பெரட்டல்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். அவளும் திருத்துவதில்லை. சாப்பிட்டுவிடுகிறாள்.

ரோனியிடம் ஒரு குறை சொல்ல முடியுமா? முடியாது. அதுதான் தொல்லை. குடிப்பதில்லை, வேறு பெண்ணைப் பார்ப்பதில்லை. ஞாயிறு தவறாமல் பிரிக்பீல்ட்ஸிலிருந்து பண்டமாரானுக்கு வருவான். வந்து வேலாயுதத்தோடு உட்கார்ந்து பேசுவான். முன்பு தெருமுனையில் செயின் மாட்டிக்கொண்டிருந்தவன் இப்போது வீட்டுக்குள் சோபாவில் இருக்கிறான். ஆனால் அவள் அறைக்கதவு திறந்தால் நிமிர்ந்து பார்ப்பதில்லை. "வேலாயுதத்துக்கு ஒரு ஆம்பளப் பிள்ளை இல்லாத குறை தீர்ந்துச்சு" என்றாள் தனலெட்சுமி. சரியாகத்தான் சொன்னாள். அந்தக் கல்யாணத்தில் உண்மையாகக் காதலோடு இருந்த ஒரே ஆள் பெண்ணின் அப்பாதான்.

சனிக்கிழமை தேவாலயத்தில் மோதிரம், ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயிலில் தாலி என்று முடிவானது. கல்யாணத்துக்கு முன்னால் பாதிரியார் இருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பது வேதக்காரர்கள் வழக்கம். "யாரோட கட்டாயமும் இல்லாம, சொந்த விருப்பத்தோட வரீங்களாம்மா?" என்று அவர் கேட்டார். கேட்பார் என்று தெரிந்து, என்ன சொல்லலாம் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தவள்தான். ஆனால் "ஆமா ஃபாதர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. பத்து வருஷமாக அந்தக் கேள்விக்கு அந்தப் பதிலையே சொல்லிப் பழகிய வாய்.

அப்புறம் ஓலை. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு, பூசை முடியும்போது ஜோடியின் பெயரைச் சபையில் வாசிப்பார்கள். தன் மகள் பெயரை மைக்கில் வாசிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து வேலாயுதத்தைப் பிடிக்க முடியவில்லை. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, இடுப்புக்குத் தலையணை ஒன்றை எடுத்துக்கொண்டு, மூன்று வாரமும் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தார். எல்லாரும் எழுந்தால் எழுந்தார், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்.

"பண்டமாரானைச் சேர்ந்த வேலாயுதம், லோகேஸ்வரி ஆகியோரின் மகள் தாமரையும், நம் பங்கைச் சேர்ந்த ரோனியும் திருமணம் செய்துகொள்ள இருக்கிறார்கள். இவர்களது திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்."

முதல் ஞாயிறு அது முடிந்ததும் பின்வரிசையில் யாரோ இருமினார்கள். தாமரை நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாராவது எழுந்திருக்கமாட்டார்களா? ரோனியைக் காதலித்த ஒரு பெண், ஒரு பழைய பகையாளி, பெயரைத் தப்பாக வாசித்துவிட்டீர்கள் என்று சொல்ல ஒரு ஆள்? வேலாயுதம் திரும்பி, இருமியவரை முறைத்தார். இருமியவர் வாயைப் பொத்திக்கொண்டார். இரண்டாம் ஞாயிறு ஒருவரும் இருமக்கூட இல்லை.

மூன்றாம் ஞாயிறு, அந்த "அறிந்தவர்கள்" என்ற சொல் வந்தபோது தாமரை சுற்றிமுற்றிப் பார்த்தாள். முந்நூறு பேர். விசிறிக்கொண்டிருந்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்தக் கல்யாணத்தைப் பற்றி அறிந்தவர் அந்த முந்நூறு பேரில் தன்னைத் தவிர வேறு யாருமில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தப்பாக எழுதிய கஸ்டம்ஸ் பாரத்தைக் கப்பல் கிளம்பும்வரை திருத்தலாம். எழுதிய ஆளே வந்துதான் திருத்த வேண்டும்.

"டாய்லெட் போய்ட்டு வரேன். நீங்க கார்ல இருங்க" என்று பூசை முடிந்ததும் அப்பாவிடமும் ரோனியிடமும் சொல்லிவிட்டு, தேவாலயத்தை ஒட்டிய பங்கு அலுவலகத்துக்குப் போனாள்.

அலுவலகத்தில் பெர்னிஸ் ஆன்டி இருந்தார். இருபத்திரண்டு வருஷமாக ஓலைகளைத் தட்டச்சு செய்பவர். மேசையில் பாதி கடித்த கறிபாப்.

"சொல்லும்மா."

"ஆன்டி, இப்ப வாசிச்சாங்கல்ல. தடை இருந்தா சொல்லுங்கன்னு. அதுக்கு வந்தேன்."

பெர்னிஸ் ஆன்டி கறிபாப்பைக் கீழே வைத்தார். இருபத்திரண்டு வருஷத்தில் இதற்கென்று அந்த வாசலில் ஏறி வந்தவர் ஒரே ஒருவர்தான். அவரும் மாப்பிள்ளை வீட்டுக் கார் தன் காரை மறித்து நிற்கிறது என்று சொல்லத்தான் வந்தார்.

"எந்தக் கல்யாணத்துக்கு?"

"தாமரை, ரோனி."

"நீ பொண்ணுக்கு என்ன வேணும்?"

"நான்தான் பொண்ணு."

ஆன்டி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். குரல் தாழ்ந்தது. "அவனுக்கு வேற எங்கயாச்சும் குடும்பம் இருக்கா?"

"ஐயோ, இல்ல ஆன்டி."

"சொந்தக்காரனா? அண்ணன் முறை கிண்ணன் முறை?"

"இல்ல."

"யாராச்சும் மிரட்டுறாங்களா? அங்க ஒரு ஆளு நெத்தி நிறைய பூசிக்கிட்டு எல்லாரையும் முறைச்சிட்டு இருந்தாரே..."

"அது அப்பா. அவர் யாரையும் மிரட்டல. எல்லாரும் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க, ஆன்டி."

"அப்ப என்னதாம்மா தடை?"

தாமரை மேசையிலிருந்த கறிபாப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "முன்ன பிடிச்சிருந்துச்சு. இப்ப ஒண்ணும் இல்ல."

"சண்டையா?"

"சண்டை போட்டாக்கூடப் பரவால்ல."

பெர்னிஸ் ஆன்டி ஒரு பெருமூச்சு விட்டார். கல்யாணத் தடைகள் இன்னின்னவை என்று போட்ட பட்டியல் அவருக்கு மனப்பாடம். இரத்த உறவு உண்டு, முந்தைய திருமணம் உண்டு, வயது குறைவு உண்டு, கட்டாயப்படுத்துதல் உண்டு. இது இல்லை. "இத எதுல போடுறதுன்னு எனக்குத் தெரியல லா. இதெல்லாம் தடைன்னு எழுதினா, இங்க கல்யாணம் பண்ணுன பாதிப் பேருக்கு வீட்டுக்குப் போய்ட்டு வாங்கன்னு சொல்லணும்." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "ஃபாதர் இப்பதான் உடுப்பு மாத்துறாரு. கூப்பிடட்டா? கூப்பிடுறேன். ஆனா அவரு மொத என்ன கேப்பாருன்னு சொல்லட்டா? 'அந்தப் பையனுக்குத் தெரியுமா'ன்னு கேப்பாரு."

தாமரை கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"தெரியாதா? பதினாலு வருஷம் பழகுன பையன்கிட்ட சொல்லாம, என்கிட்ட வந்து சொல்றியா? போம்மா. போய்ச் சொல்லிட்டு வா. நான் கதவப் பூட்டல."

ரோனியின் கார் நிழலில் நின்றிருந்தது. முன்சீட்டில் வேலாயுதம், இடுப்புக்குத் தலையணையோடு. இடுப்பு முறிந்ததிலிருந்து முன்சீட்டு அவருக்குத்தான். தாமரை பின்னால் ஏறினாள்.

"டாய்லெட்ல கியூவா?" என்றான் ரோனி, காரின் உள்கண்ணாடியில்கூட அவளைப் பார்க்காமல்.

"நல்லா வாசிச்சாங்கல்ல?" என்றார் வேலாயுதம். "மூணு வாரம், ஒரு பய வாயத் தெறக்கலையே. மாப்ள, கெளம்பு. ஃபெடரல் ஹைவே ஜாம் ஆயிரும்."

கார் துன் சம்பந்தன் சாலைக்கு வந்து, சிக்னலில் நாற்பது வண்டிகளுக்குப் பின்னால் நின்றது. பூக்கடைக்காரர்கள் நடைபாதையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது சொல்லாவிட்டால் வீடு வந்துவிடும். வீடு வந்தால் அம்மா இருப்பாள், சோறு இருக்கும், அடுத்த சனிக்கிழமை வந்துவிடும்.

"ரோனி, எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்."

வழி சொல்லும் போன், அறுநூறு மீட்டரில் இடது பக்கம் திரும்பச் சொன்னது. ரோனி அதை அணைத்தான்.

"என்னாம்மா வெளாட்டு இது" என்றார் வேலாயுதம்.

"வெளாட்டு இல்லப்பா. ரோனி, உன்மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு ஒண்ணும் தோணல. ரொம்ப நாளாச்சு."

ரோனி ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"தெரியும்" என்றான்.

"என்ன தெரியும்?"

"எனக்கும் ஒண்ணும் தோணல. மூணு வருஷமாவே. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா?"

"எல்லாரும் அப்படித்தான இருக்காங்க, தாமர. எங்கம்மா அப்பா இல்லையா? நமக்காக எவ்வளவு பேரு எவ்வளவு பட்டாங்க. இப்பப் போய் வேணாம்னா, அதெல்லாம் எதுக்கு? சும்மாவா?"

"அதுக்கென்னன்னு கேக்குற பாத்தியா, ரோனி. அதுதான்."

வேலாயுதத்துக்கு இடுப்பு திரும்பாது. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னிக்கு நான் வேணாம் வேணாம்னு தலபாடா அடிச்சிக்கிட்டேன். கேட்டியா?"

"கேக்கல."

"இப்ப வேணும்னு சொல்றேன்."

"இப்பவும் கேக்கலப்பா."

சிக்னல் பச்சையானது. நாலு வண்டி நகர்ந்தது. மறுபடி சிவப்பு. தாமரை கைப்பையை எடுத்துக்கொண்டு கதவுப் பிடியை இழுத்தாள். திறக்கவில்லை. பூட்டை மேலே தூக்கிவிட்டு மறுபடி இழுத்தாள். மறுபடியும் திறக்கவில்லை. மூன்றாம் தடவை பலமாக இழுத்ததில் நகம் உடைந்ததுதான் மிச்சம்.

"சைல்ட் லாக்" என்றான் ரோனி. "நீ வர்றதுக்குள்ள அக்கா பிள்ளைங்க ஏறி ஆடுனாங்க, அதான் போட்டேன்."

"திறந்து விடு."

"உள்ளேருந்து முடியாது. வெளியேருந்துதான் திறக்கணும்."

அடுத்த பச்சை வந்தது, போனது. அவன் இறங்கவுமில்லை, வண்டியை எடுக்கவுமில்லை. பின்னாலிருந்து ஹாரன். வேலாயுதம், "மாப்ள, வண்டிய எடுப்பா. வீட்டுல போய்ப் பேசிக்கலாம்" என்றார். வீட்டில் போய்ப் பேசினால் என்ன ஆகும் என்று அந்தக் காருக்குள் மூன்று பேருக்கும் தெரியும். தாமரை ரோனியின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உச்சியில் முடி கொட்ட ஆரம்பித்திருந்தது. அதையும் இன்றைக்குத்தான் பார்க்கிறாள்.

"ரோனி, பிளீஸ்."

அவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தான். காரை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கினான். பின்னால் டாக்சிக்காரர் தலையை வெளியே நீட்டி, "பாஸ்! ஆப்பா இனி?" என்று, என்ன இது என்பதை மலாயில் கத்தினார். ரோனி ஒரு கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு, பின்பக்கமாகச் சுற்றி வந்து அவள் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். பதினான்கு வருஷத்தில் அவளுக்கு அவன் கார் கதவைத் திறந்துவிட்டது அதுதான் முதல் தடவை.

"ரயில்ல போயிருவியா?" என்றான்.

"ம்."

"சரி."

வேலாயுதம் இறங்கவில்லை.

சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயில் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே கிள்ளானைத் தாண்டி, கடைசிக்கு முந்தின ஸ்டேஷனில் இறங்கி, கிராப் வாடகைக் கார் பிடித்து அவள் தெருவுக்குள் நுழைந்தபோது மூன்று மணியாகிவிட்டது. வரும் வழியெல்லாம் நிம்மதி வருமா வருமா என்று பார்த்தாள். பசிதான் வந்தது. தெருவில் திரும்பியதும் அந்தப் பசியும் போனது. அவள் வீட்டு வாசலில் ரோனியின் கார் நின்றுகொண்டிருந்தது.

கேட்டின் கம்பி வழியே கூடம் தெரிந்தது. மேசைக்கு ஒரு பக்கம் வேலாயுதம், ஒரு பக்கம் ரோனி. இருவரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். லோகேஸ்வரி அவன் தட்டில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தால் விஷயம் தெரிந்த முகமாக இல்லை. இரண்டு ஆண்களும் அவளிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அப்படியானால் இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. உள்ளே போய் மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தால், அவளுக்கும் ஒரு தட்டு வரும். அப்புறம் யாரும் எதையும் கிளப்பாமலே சனிக்கிழமை வரைக்கும் போய்விடலாம். அந்த வீட்டுக்கு அந்தத் திறமை உண்டு. நாலு வருஷம் பேசாமலே ஃபேன் போட்டு நிறுத்திய வீடு அது.

"என்னாம்மா, காலையில கார்ல போன, இப்ப கிராப்ல வர?"

தனலெட்சுமி வேலிக்கு அந்தப் பக்கம் ரப்பர் குழாயோடு நின்றிருந்தாள். வெயில் மண்டையைப் பிளக்கும் மூன்று மணிக்கு எந்தச் செடிக்கும் தண்ணீர் தேவைப்படாது, செய்தி தேவைப்பட்டது.

"மாப்பிள்ளையும் அப்பாவும் அப்பவே வந்துட்டாங்களே. ஏன், உன்ன விட்டுட்டு வந்துட்டாரா மாப்பிள்ளை?"

தலைவலி என்று சொல்லலாம். சாமான் வாங்கப் போனேன் என்று சொல்லலாம். இரண்டையும் தனலெட்சுமி நம்பமாட்டாள், ஆனால் ஏற்றுக்கொள்வாள். தாமரை வேலியருகே போனாள். தேவாலயத்தில் முந்நூறு பேர் முன்னால் மூன்று வாரம் மைக்கில் வாசித்ததைவிட இந்த ஒரு அம்மாவிடம் ஒரு தடவை சொன்னால் தூரம் போகும். திரும்ப வாங்க முடியாது.

"அவர் இனிமே மாப்பிள்ளை இல்ல, ஆன்டி."

"என்னது?"

"கல்யாணம் நின்னு போச்சு. நான்தான் வேணாம்னு சொன்னேன்."

தனலெட்சுமியின் குழாய் ஒரே இடத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. பூச்சட்டி நிரம்பி, வழிந்து, அவள் காலில் ஓடியது. "அப்ப உள்ள உக்காந்து சாப்பிடுறது?"

"அது அப்பாவோட ஆளு. அப்பா கூட்டிட்டு வந்திருக்காரு. சாப்பிடட்டும்."

கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் பக்கத்து வீட்டில் குழாய் நின்றது. ஈரக்கால் தரையில் சப் சப்பென்று ஓடும் சத்தம் கேட்டது. பிறகு, சுவருக்கு இந்தப் பக்கமே தெளிவாகக் கேட்டது, போனில் பேசும் தனலெட்சுமியின் குரல்:

"ராஜம்மாக்கா, வீட்டுலதான இருக்கீங்க? உக்காந்துட்டீங்களா? மொத உக்காருங்க."